லாலி என்ற பெயர் வந்த வழி

அன்புள்ள கயல்,

வந்தவாசிப் போரைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறாய் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. பாடநூலில் 'கவுண்ட் டி லாலி' என்று வருகிறதே, லாலி என்பது பிரெஞ்சுப் பெயர்தானா என்று கேட்டிருந்தாய். போர் நடந்த தேதியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தளபதியின் பெயரில் நின்று கேள்வி கேட்பவர்கள் குறைவு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லாலி அயர்லாந்துப் பெயர். அதுவும் முழுப் பெயர் இல்லை, தேய்ந்த பெயர். ஐரிஷ் மொழியில் அதன் முழு வடிவம் 'ஓ மீலலி'. ஆங்கில வாயில் அது ஓ'முல்லாலி ஆனது, பிறகு முல்லாலி, கடைசியில் லாலி. இந்த ஒவ்வொரு தேய்வுக்கும் பின்னால் ஒரு காலம் இருக்கிறது.

முதலில் அந்த 'ஓ'. ஐரிஷ் மொழியில் அதற்குப் பேரன், வழித்தோன்றல் என்று பொருள். 'மாக்' என்றால் மகன். மீலலி என்ற ஒரு முன்னோரின் வழிவந்தவர்கள் என்பதுதான் ஓ மீலலி. தொடக்கத்தில் இந்த 'ஓ' உண்மையான தாத்தாவையே குறித்தது. தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்த அந்தத் தாத்தா பெயர் ஒரு கட்டத்தில் மாறாமல் நின்றுவிட்டது. அப்படி நின்ற பெயர்தான் குடும்பப்பெயர். அயர்லாந்தில் இது 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே நடந்துவிட்டது. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் இவ்வளவு முன்னதாக வேரூன்றிய நாடுகள் மிகச் சில. கால்வே மாவட்டத்தின் தெற்குப் பகுதியை ஆண்ட ஓ கிளேரி குடும்பத் தலைவர் ஒருவர் 916இல் இறந்ததை அந்நாட்டின் ஆண்டுக்குறிப்புகள் பதிந்திருக்கின்றன. அங்கே எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குடும்பப்பெயர் அதுதான் என்பார்கள்.

உனக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் மொழியில் குடும்பப்பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வராது. மகன் ஓ மீலலி என்றால் மகள் நீ வீலலி. மணமாகி அந்த வீட்டுக்கு வந்த பெண் ஈ வீலலி. 'ஓ' மாறுவதோடு பெயரின் முதல் மெய்யும் மாறி, 'மீ' என்பது 'வீ' ஆகிவிடுகிறது. இன்றும் ஐரிஷ் பேசும் ஊர்களில் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டதும் அவள் அந்த வீட்டில் பிறந்தவளா, வாழ வந்தவளா என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்துக்குப் போனதும் இந்த வேறுபாடு முழுவதும் அழிந்தது.

மீலலி குடும்பம் இருந்தது அயர்லாந்தின் மேற்கில், கால்வே மாவட்டத்தில், இன்றைய லாக்ரே ஊரைச் சுற்றியிருக்கும் மேன்மா என்ற சமவெளியில். அந்தச் சமவெளியின் தலைமையை அவர்களும் ஓ நாக்டன் குடும்பமும் கொண்டிருந்தார்கள். 1235இல் நார்மன் பிரபு ரிச்சர்டு டி பர்க் அந்த மேற்கு மாகாணத்துக்குள் படையோடு புகுந்தார். மறு ஆண்டே லாக்ரேயில் அவருடைய கோட்டை எழுந்தது. மீலலிகள் வடக்கே தள்ளப்பட்டு டியூம் நகருக்கு அருகே குடியேறினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த ஊர் டுலாக் ந டாலா, 'சபை கூடும் குன்று'. இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

'ஓ' உதிர்ந்த கதை எல்லா ஐரிஷ் குடும்பங்களுக்கும் பொதுவானது. 1465இலேயே ஆங்கில ஆட்சிக்குட்பட்ட டப்ளின் சுற்றுவட்டாரத்தில், ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில் ஆகியவற்றிலிருந்து ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. கால்வே வரை அந்தச் சட்டம் எட்டவில்லை. ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நிலப் பத்திரமும் நீதிமன்றமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது எழுத்தர் காதில் விழுந்ததே பெயர் என்றாகிவிட்டது. 'ஓ' வைத்த பெயர் எழுதினால் அடங்காத பழைய குடி என்று பார்க்கப்பட்ட காலம் அது. 1573 முதல் 1595 வரை டியூமில் புராட்டஸ்டன்ட் பேராயராக இருந்தவர் இந்தக் குடும்பத்து வில்லியம் ஓ'முல்லாலி. அவர் பெயரே பதிவுகளில் சில இடங்களில் வெறும் 'லாலி' என்று இருக்கிறது. ஆக, பெயர் குறுகியது பிரான்சில் என்று எழுதிவிடாதே. கப்பல் ஏறும் முன்பே அது குறுகிவிட்டது.

கப்பல் ஏறக் காரணம் 1689-91 போர். அரியணை இழந்த கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பக்கம் நின்ற ஐரிஷ் படைகள் தோற்றன. 1691இல் லிமெரிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு சுமார் 14,000 வீரர்கள் பிரான்சுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களுக்குக் 'காட்டு வாத்துகள்' என்று பெயர். டியூம் லாலிகளில் ஒருவரான ஜெரார்டு லாலி, பிரெஞ்சு மன்னருக்காகப் போரிட்ட டில்லன் என்ற ஐரிஷ் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தார். அவருக்குப் பிரான்சின் ரோமான் நகரில் 1702இல் பிறந்த மகன்தான் உன் பாடநூலில் வரும் தாமஸ் ஆர்தர் லாலி.

அவருடைய முழுப் பட்டப்பெயர் லாலி-தொலாந்தால். இந்தத் தொலாந்தால் எந்தப் பிரெஞ்சு ஊர் என்று தேடினால் கிடைக்காது. டுலாக் ந டாலா என்ற அந்தக் கால்வே குன்றின் பெயர்தான் பிரெஞ்சு நாவில் அப்படி உருண்டது. கைவிட்டுப் போன நிலத்தைப் பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். அவர் அங்கே பிறக்கவில்லை, அந்த நிலத்தின் வருவாய் ஒரு காசுகூட அவருக்கு வரவில்லை. குடும்பப்பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். இருப்பதைச் சொல்லும் பெயர்கள் உண்டு, பறிபோனதைச் சொல்லும் பெயர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் வரலாறு படிப்பவருக்கு அதிகம் உதவும்.

லாலி வீரர், அதில் சந்தேகமில்லை. 1745இல் ஃபான்டனாய் போரில் தன் பெயரிலேயே அமைந்த ஐரிஷ் படைப்பிரிவை நடத்தி ஆங்கிலப் படையைப் பின்வாங்கச் செய்ததில் பங்கெடுத்தார். மன்னர் பதினைந்தாம் லூயி போர்க்களத்திலேயே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார். இந்தியாவில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்க 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். ஜூனுக்குள் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை அவர் கையில். அந்த வேகத்துக்குப் பின்னால் ஆங்கிலேயர் மீது தந்தை வழி வந்த பகை இருந்தது என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் நீ கவனமாக எழுத வேண்டும். நாடிழந்த குடும்பத்துப் பிள்ளை என்றதும் மனம் இளகிவிடும். அவர் இங்கே என்ன செய்தார் என்று பார். பணத்துக்காகத் தஞ்சை மீது படையெடுத்துப் போன வழியில் கீழ்வேளூர் கோயிலைச் சூறையாடினார். புதையல் தேடிக் குளங்களைத் தோண்டச் சொன்னார். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டுக் கோயில் பிராமணர்கள் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடவைத்தார். பீரங்கி வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் ஊர்மக்களைப் பிடித்து வந்து வேலை வாங்கினார். தஞ்சையும் கிடைக்கவில்லை, 1758 டிசம்பரில் தொடங்கிய சென்னை முற்றுகையும் பிப்ரவரியில் தோல்வியில் முடிந்தது. கடைசியில் புதுச்சேரியே முற்றுகைக்குள்ளாகி உணவு தீர்ந்தபோது, ஊரில் மிஞ்சியிருந்த தமிழ் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலப் படை வழிவிட மறுத்தது. நாள்கணக்கில் இரண்டு படைகளுக்கும் நடுவே அவர்கள் பட்டினி கிடந்தார்கள். மேன்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வாரிசு புதுச்சேரி மக்களை அவர்கள் ஊரிலிருந்தே விரட்டினார். அவருடைய பெயரின் சோகத்தை வைத்து இந்தச் செயலை மன்னிக்க என்னால் முடியாது.

வந்தவாசிக்கு வருவோம். 1760 ஜனவரி 22. லாலியை எதிர்த்து நின்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் அயர்லாந்தில், லிமெரிக் பக்கம் பிறந்தவர். ஆனால் கூட் என்பது ஐரிஷ் பெயர் இல்லை. 1600இல் அயர்லாந்தை அடக்க வந்த ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு அங்கே போய் நிலம் பிடித்த பெயர். நிலம் இழந்த பெயரும் நிலம் பெற்ற பெயரும் நம் வடஆர்க்காட்டு மண்ணில் நேருக்கு நேர் நின்றன. லாலி பக்கம் அவருடைய ஐரிஷ் படைப்பிரிவும் இருந்தது. குண்டு ஒன்று பட்டு பிரெஞ்சு வெடிமருந்து வண்டி வெடித்ததும் அணி குலைந்தது. லாலியோடு இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 16இல் புதுச்சேரி சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், லாலியின் ஆட்சியை உள்ளிருந்து பார்த்து நாட்குறிப்பில் எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். அந்த நாட்குறிப்பின் கடைசித் தொகுதிகளை நூலகத்தில் எடுத்துப் படி. உன் கட்டுரைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

லாலியின் முடிவு பரிதாபமானது. தோல்விக்குப் பலி ஒன்று வேண்டியிருந்தது. துரோகி என்று தீர்ப்பளித்து 1766 மே 9 அன்று பாரிசில் வாயைக் கட்டி அழைத்துப் போய்த் தலையை வெட்டினார்கள். அவர் கடுமையானவர், பண்பற்றவர், ஆனால் துரோகி இல்லை. அவருடைய மகன் த்ரோஃபீம் ஜெரார்டுக்குத் தன் தந்தை யார் என்பதே அந்தச் சாவை ஒட்டித்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு 12 ஆண்டு போராடினார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் துணைக்கு வந்தார். 1778 மே மாதம் மன்னரின் ஆலோசனை மன்றம் தீர்ப்பை ரத்து செய்த செய்தி, மரணப் படுக்கையில் இருந்த வால்டேரை எட்டியது. அவர் கடைசியாக எழுதிய கடிதம் அந்த மகனுக்குத்தான். அந்த மகன் 1830இல் இறந்ததோடு பிரான்சில் அந்த ஆண்வழி முடிந்தது.

அயர்லாந்தில் பெயர் முடியவில்லை. லாலி என்ற வடிவம் கால்வே, மேயோ மாவட்டங்களிலும், முல்லாலி என்ற வடிவம் கிழக்கே டிப்பரரி, கில்கென்னி பக்கமும் இன்றும் வழங்குகிறது. 1975இல் கால்வேயில் ட்ரூயிட் நாடகக் குழுவைத் தொடங்கிய மூவரில் ஒருவரான நடிகர் மிக் லாலி மேயோக்காரர்.

நீயே தேடிப் பார்க்க விரும்பினால், 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்கள் அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுத் தலைவர் கைப்பட எழுதிய தாள்கள் அவை. அதற்கு முந்தைய கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக்காப்பகம் எரிந்தது ஒரு காரணம். அந்த இடைவெளியை நிரப்ப 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு உதவும். தேடும்போது லாலி, லாலே, முல்லாலி என்று எல்லா எழுத்துக்கூட்டலும் போட்டுப் பார். குடும்பச் சின்னம் என்று கடைகளில் விற்கும் வண்ணப் படங்களை மட்டும் நம்பாதே. அங்கே சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுக்கும் வழங்கப்படுவது, பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் உரியதல்ல. அதேபோல் லாலி என்ற பெயர் கண்ட இடமெல்லாம் தளபதியின் உறவு என்று முடிவு கட்டாதே.

கட்டுரையில் அவரைப் 'பிரெஞ்சுத் தளபதி' என்று எழுது, தவறில்லை. ஆனால் அதே வரியில் கால்வேயிலிருந்து வந்த குடும்பம் என்றும் சேர். அடுத்த வரியில் கீழ்வேளூரை எழுது. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியப்பா