சஃபேத்துக்குப் போகுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இந்தியில் சஃபேத் என்றால் வெள்ளை, நீ போகவிருக்கும் சஃபேத்தில் ஞானி லூரியாவும் சீடர்களும் வெள்ளுடை உடுத்தினார்கள், ஆகவே ஊருக்கு அந்தப் பெயர் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழேயே, யூத மறைஞானமான கபாலாவும் நம் காபாலிகரும் ஒரே வேரா என்று ஒரு கேள்வி. என்னிடம் மூன்று வருடம் படித்த பிள்ளை இப்படி எழுதலாமா? ஓசை ஒத்துப்போனால் உறவு என்று முடிச்சுப் போடும் பழக்கம் எத்தனை நல்ல மூளைகளைப் பாழாக்கியிருக்கிறது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

எபிரேயத்தில் அந்த ஊர் ட்ஸ்ஃபாத், அரபியில் சஃபத். உயரத்திலிருந்து நோக்குவது, காவல் பார்ப்பது என்ற பொருளுள்ள எபிரேய வேரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஊரைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. மேல் கலிலேயாவில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தெளிந்த நாளில் தெற்கே, வெகு கீழே, கலிலேயக் கடல் தெரியும். புதுப்பிறை கண்ட செய்தியை மலைக்கு மலை தீ மூட்டி அறிவித்த காலத்தில் தீ எரிந்த உச்சிகளில் இதுவும் ஒன்று என்று எருசலேம் தல்மூது சொல்கிறது. கப்பாலா என்பதற்கு (இரண்டு ப் போட்டு எழுது, எபிரேய இலக்கணப்படி அங்கே மெய் இரட்டிக்கும்) பெற்றுக்கொண்டது என்று பொருள். ஆசிரியன் வாயிலிருந்து மாணவன் பெற்றது. மண்டையோட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். உலகை விட்டு ஒதுங்கியவர்கள் தவம் செய்த மலையூர், அங்கே ஒரு வருடம் தங்கினால் மனம் அடங்கும், முடிந்தால் அங்கேயே இருந்துவிடலாம் என்கிறாய். நிரந்தரமாகக் குடியேறுவது உன் கையில் இல்லை. 1950இல் வந்த திரும்பி வரும் உரிமைச் சட்டம் யூதருக்கும், 1970இல் சேர்த்த திருத்தப்படி யூதரின் பிள்ளை பேரப்பிள்ளைகளுக்கும், இவர்கள் எல்லோருடைய கணவன் மனைவியருக்கும்தான். நீ விருந்தினனாகப் போய் விருந்தினனாகத் திரும்பலாம். அது குறையே இல்லை. என்னை உறுத்துவது உன் முதல் பாதி. ஒதுங்கியவர்களின் ஊர் என்று யார் சொன்னது?

தம்பி, சஃபேத் துணி நெய்த ஊர். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கையோடு கொண்டுவந்த சொத்து கம்பளித் தொழில். 1516இல் இந்தப் பகுதி உதுமானியர் கைக்குப் போனது. வரிப் பதிவேட்டில் 1525-26இல் 233 யூதக் குடும்பங்கள், 1567-68இல் 945. நாற்பது வருடத்தில் நான்கு மடங்கு! மெரோன் மலையில் பழங்கால ஞானி சிமியோன் பார் யோக்காயின் சமாதி பக்கத்தில் இருந்தது பலரை இழுத்தது உண்மைதான். ஆனால் சமாதி மட்டும் சோறு போடாது. எருசலேமில் இல்லாத பிழைப்பு இங்கே இருந்தது.

அந்தத் தொழிலை நீ கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நம் பருத்திக்குப் பாவோட்டம் உண்டு, கஞ்சி உண்டு. கம்பளிக்கு இன்னொன்று வேண்டும். தறியிலிருந்து இறங்கிய துணி சல்லடை மாதிரி இருக்கும். அதை நனைத்து, எண்ணெய்ப் பசை போகக் களிமண்ணோ சோப்போ போட்டு, மணிக்கணக்கில் இடிக்க வேண்டும். இடிக்க இடிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கி, தடித்து, குளிர் நுழையாததாகிவிடும். கையாலும் காலாலும் செய்தால் இடுப்பு ஒடியும். சஃபேத்துக்கு மேற்கே, மெரோனுக்கும் ஊருக்கும் நடுவில், நாஹல் அமுத் என்ற ஓடை பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு போகிறது. அந்த நீரில் சக்கரம் சுழல, சக்கரம் மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ரகசிய ஞானத்தைப் பற்றி நீ படித்த அத்தனை உரையாடல்களும் இந்த இடிச்சத்தம் கேட்கும் தூரத்தில் நடந்தவை என்பது என் துணிபு. இதற்கு மறுப்புச் சொல்ல வருகிறவர்கள் முதலில் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.

சஃபேத் தொழிலூர் என்பது உதுமானிய சுல்தான் மூன்றாம் முராதுக்குத் தெரிந்திருந்தது. புதிதாகப் பிடித்த சைப்ரஸ் தீவை வளப்படுத்த, சஃபேத்திலிருந்து ஆயிரம் யூதர்களைக் குடும்பத்தோடு அங்கே அனுப்பும்படி 1576இல் ஆணையிட்டார். பிறகு அது கைவிடப்பட்டது. தவசிகளைக் கொண்டுபோய் யாராவது ஒரு தீவை வளப்படுத்துவார்களா?

ஈசாக் லூரியாவே வணிகர். எகிப்தில் வளர்ந்து, அங்கே வணிகம் பார்த்துக்கொண்டே படித்தவர். 1570இல் சஃபேத் வந்தார், 1572இல் கொள்ளைநோயில் போய்விட்டார். அப்போது வயது 38. இரண்டே வருடம்! தாமே எழுதிவைத்தது மிகக் கொஞ்சம். அவருடைய சீடர் ஹயிம் விட்டால் என்பவர் எழுதியிராவிட்டால் நாம் இன்று பேச ஒன்றுமில்லை. யோசேப் காரோவை எடுத்துக்கொள். இன்றுவரை யூத வீடுகளில் எது கூடும், எது கூடாது என்று பார்க்கும் ஷுல்கான் அரூக் என்ற சட்டநூல் அவருடையது. 1565இல் வெனிஸில் அச்சானது. அதே மனிதர், மிஷ்னா என்ற பழஞ்சட்டத் தொகுப்பை ஓதும்போது தம் வாயிலிருந்து எழும் வேறொரு குரல் சொன்னதையெல்லாம் நாட்குறிப்பாக எழுதிவைத்தவர். சட்டம் ஒரு கட்சி, ஞானம் ஒரு கட்சி என்று நீ பிரித்து வைத்திருக்கும் கோடு அந்த ஊரில் கிடையாது.

லூரியாவையும் காரோவையும் பற்றி நான் முதலில் படித்தது சாலமன் ஷெக்டரின் கட்டுரையில். 1908இல் வந்த தொகுப்பில் சஃபேத்தைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். கெய்ரோ தொழுகைக்கூடத்தின் பழங்காகித அறையில் இருந்தவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அந்தக் கட்டுரை கிடைத்த வாரம் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். கப்பாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெமை அதற்குப் பிறகுதான் தொட்டேன். நீயும் அந்த வரிசையில் படி.

அச்சுக்கூடம் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எலீசர் அஷ்கெனாசி என்பவர் 1577இல் சஃபேத்தில் எபிரேய எழுத்துகளைக் கோத்து எஸ்தர் நூலின் உரை ஒன்றை அச்சிட்டார். அந்த நாட்டில் அச்சான முதல் எபிரேய நூல் அது. அடுத்த வருடம், 1578 அக்டோபரில், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அச்சானது. அதைத் தமிழில் தந்த அண்ட்ரிக் அடிகளார் போர்ச்சுக்கலில் பிறந்தவர், கட்டாயத் திருமுழுக்குப் பெற்ற யூதர் வழிவந்த குடும்பத்தவர். அந்த வம்சக் குறையைச் சொல்லித்தான் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது. பிறகு இயேசு சபையில் சேர்ந்து முத்துக்குளித்துறைப் புன்னைக்காயலுக்கு வந்தார். ஐபீரிய மண்ணில் அடித்த ஒரே புயலில் ஒரு விதை கலிலேய மலையிலும் இன்னொன்று புன்னைக்காயல் மணலிலும் விழுந்திருக்கிறது. இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்மவர் யாரும் எழுதாதது எனக்கு ஆறாத வருத்தம்.

நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பியத் துணி மலிவாக வந்து குவிந்தது. தறிகள் குறைந்தன. அச்சுக்கூடம் 1587உடன் நின்றது. விட்டால் 1620இல் இறந்தது டமாஸ்கஸில். நெசவு படுத்தபோது பாடசாலையும் சேர்ந்து படுத்தது.

நீ பார்க்கப்போகும் கல்வீடுகளில் பெரும்பாலானவை 1837 ஜனவரி 1ஆம் தேதி நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்தவை. ஓவியர் குடியிருப்பு என்று ஒரு பகுதிக்கு அழைத்துப் போவார்கள். அழகான சந்துகள், வளைவுகள். அது அரபுகள் வாழ்ந்த பகுதி. 1929 ஆகஸ்டில் ஊரின் யூதப் பகுதியில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1948 மே மாதம் ஊர் யூதப் படையிடம் விழுந்தபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரபுகள் வெளியேறினார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் 1935இல் பிறந்தது அந்த ஊரில்தான். அங்கே படம் வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் வீட்டு வாசலில் நின்று வாங்குகிறாய் என்று தெரிந்து வாங்கு.

வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிடு. வெள்ளி மதியத்துக்குமேல் யூத ஓய்வுநாளுக்காகக் கதவுகள் ஒவ்வொன்றாக அடையும், பேருந்து நிற்கும். ரொட்டியும் பழமும் முன்கூட்டி வாங்கி வை. நான் வாங்காமல் பட்டினி கிடந்தேன். முழுக்கைச் சட்டை போடு. கைபேசியை அறையில் வைத்துவிடு, ஓய்வுநாளில் அங்கே அதைக் கையில் எடுப்பது அவமரியாதை. வெள்ளி சாயங்காலம் லூரியா பெயரிலுள்ள அஷ்கெனாசித் தொழுகைக்கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நில். அந்த இடம் ஒரு காலத்தில் வயல். வெள்ளுடை உடுத்தி ஓய்வுநாளை எதிர்கொண்டழைக்க லூரியாவும் சீடர்களும் வந்து நின்றது அங்கேதான் என்பது மரபு. சாலமன் அல்காபெட்ஸ் இயற்றிய லெகா தோதி என்ற பாட்டின் கடைசிக் கண்ணி வரும்போது கூடம் முழுவதும் வாசலை நோக்கித் திரும்பும். கிழவர் ஒருவர் தம் பேரனின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டதை நான் பார்த்தேன். பையன் வாசலில் யாரோ நிற்பதாகவே நினைத்து எட்டிப் பார்த்தான். நீயும் அவர்களோடு திரும்பு.

ஞாயிறன்று நாஹல் அமுத்தில் இறங்கு. பழைய ஆலைகளின் இடிபாடுகள் ஓடைக்கரையில் இருக்கின்றன. மாவரைத்தவை எவை, துணி இடித்தவை எவை என்று எனக்கு அன்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தண்ணீர் விழும் உயரத்தையும், சக்கரம் இருந்த குழியின் அகலத்தையும் அளந்து எழுது. ஒரு டேப் கொண்டு போ.

அன்புடன்,
உன் ஆசிரியர்