பாறை முனைக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள்: திட்டமிட்டுப் போவோம்



காரமடையில் எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் நீலகிரி மலை சுவர் மாதிரி நிற்கிறது. கறிவேப்பிலை அறுக்கும்போதும் பார்க்கிறோம், மாசித் தேருக்கு நிற்கும்போதும் பார்க்கிறோம். ஆனால் போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், "குன்னூர் மலைக்கு மேலே போய் நின்று கீழே நம்ம ஊர்ப் பக்கம் பார்த்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டோம். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் கை தூக்கினார்கள். ஒரு அக்கா சொன்னார்: "ஏனுங்க, எம்பொண்ணு ஆறாவது படிக்கறா. அந்த மலைக்கு அந்தப்பக்கம் என்னம்மா இருக்குதுன்னு கேட்டா. எனக்கே தெரியாதுன்னு சொல்ல வெக்கமா போச்சுங்க."

அந்த அக்காவுக்காகவும், கை தூக்காத மற்ற சகோதரிகளுக்காகவும்தான் இந்தப் பாடம். நாம் போகப் போகும் இடம் குன்னூர் பக்கமுள்ள லேம்ஸ் ராக், அதையும் தாண்டினால் டால்பின் நோஸ். இரண்டும் செங்குத்தான பாறை முனைகள். காலடியில் பெரும் பள்ளம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. குன்னூரிலிருந்து லேம்ஸ் ராக் சுமார் 8 கிலோமீட்டர். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் டால்பின் நோஸ்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அந்தக் கூட்டத்திலேயே ஒரு சகோதரி, "குழுவுல உள்கடன் அஞ்சாயிரம் எடுத்துட்டுப் போயிட்டு வந்தா என்ன?" என்று கேட்டார். குழு இரண்டாகப் பிரிந்து அரை மணி நேரம் வாக்குவாதம். எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம்: வேண்டாம். ஒரு நாள் பார்த்துவிட்டு வந்த மலைக்குப் பத்து மாதம் தவணை கட்டினால், ஒவ்வொரு தவணையிலும் வீட்டில் ஒரு பேச்சு வரும். பள்ளிக்கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேட்கிற சகோதரிக்கு அன்று பணம் இல்லாமல் போகும். அதே நேரத்தில், "உனக்கெல்லாம் எதுக்கு டூர்?" என்று கேட்பவர்களுக்கும் நாங்கள் தலையாட்டப் போவதில்லை. மொய்க்கும் சீருக்கும் செய்கிற செலவை யாரும் அப்படிக் கேட்பதில்லையே.

குழுச் சேமிப்பில் கை வைக்காமல், தனியாக ஒரு உண்டியல் போடுங்கள். வாரம் 40 ரூபாய் என்றால் 26 வாரத்தில் 1,040 ரூபாய். நாலு பேர் குடும்பம் பஸ்ஸில் போய்வர அது பெரும்பகுதி தாங்கும். பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள், அஞ்சு ரூபாயாக இருந்தாலும் சரி. தன் காசும் அதில் இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளை வழியில் கண்டதைக் கேட்டு அடம் பிடிப்பது குறையும். இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

எந்த மாதம் போவது? ஏப்ரல், மே வேண்டாம் என்போம். கூட்டம் நெரியும், விலை ஏறும். ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று அந்த சீசனில் ஒருவழிப் பாதை ஆக்குவதும் வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்கு மழை. குன்னூர் பக்கம் இந்த மழைதான் பலமாகப் பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிட வேண்டாம். பொங்கல் கழிந்து வரும் தை, மாசி நல்லது. வானம் தெளிவாக இருக்கும், குளிருக்குத் துணி மட்டும் கூடுதலாக வேண்டும்.

எப்படிப் போவது? மேட்டுப்பாளையம் வரை டவுன் பஸ். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது. அங்கிருந்து குன்னூர் பஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு. அரசு பஸ்ஸில் 5 வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, 12 வயது வரை அரை டிக்கெட். இப்போதைய கட்டணத்தை யாராவது ஒருவர் முன்னாடியே பஸ் ஸ்டாண்டில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகள் மலை ரயில் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் அந்த ரயில் 1899ல் குன்னூர் வரையும், 1908ல் ஊட்டி வரையும் வந்தது. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் பல்லாக ஒரு கம்பி இருக்கும். அதில் எஞ்சினின் பல்சக்கரம் மாட்டி மாட்டித்தான் ஏறும். அருமையான பயணம்தான். ஆனால் இடம் கிடைக்க வெகு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும், குன்னூர் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் பாறை முனையில் மூடுபனி ஏறிவிடலாம். ஒரே நாளில் ரயிலும் பாறையும் வேண்டாம். ரயிலை இன்னொரு வருஷத்துக்கு வையுங்கள்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் எடுத்தால் மலைப்பாதை பழகிய ஓட்டுநரா என்று முதலில் கேளுங்கள், வாடகையை அப்புறம் பேசுங்கள். 2023 செப்டம்பர் 30ஆம் தேதி குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. அதை யார் எடுப்பது என்று ஓட்டுநரிடம் முன்பே பேசி முடியுங்கள். வழியில் யானை பார்க்கலாம் என்று கல்லாறு பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்காத பிள்ளை அபூர்வம். காலையில் பூரி, வடை வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடி போட்ட பழைய டப்பா ஒன்று கையில் இருக்கட்டும். மாத்திரை கொடுப்பதானால் அளவை நர்ஸம்மாவிடம் கேட்டுக் கொடுங்கள். காது அடைத்தால் மிட்டாய் சப்பச் சொன்னால் சரியாகும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், தயிர்சாதம் தூக்குப்போசியில் கட்டுங்கள். தண்ணீரும் எவர்சில்வர் பாட்டிலில்தான். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, பிடித்தால் அபராதம். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலேயே எல்லோரும் கழிப்பறை போய்விடுங்கள், மேலே தேடி அலைய முடியாது. மாதவிலக்கு நாள் வந்துவிடுமோ என்று பயப்படும் சகோதரிகள் துணியோ நாப்கினோ ஒன்று பையில் வைத்துக்கொண்டால் தைரியமாகப் போகலாம். சமவெளியிலிருந்து சுமார் 1,500 மீட்டர் ஏறுகிறோம். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி வெயில் குறையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்.

இனி ஒரு கசப்பான விஷயம். நான்கு வருஷம் முன்பு சில குடும்பங்களை லேம்ஸ் ராக் கூட்டிப் போனோம். யார் எந்தப் பிள்ளையைப் பார்ப்பது என்று நாங்கள் பிரிக்கவே இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு குரங்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போனது. எட்டு வயசுப் பையன் ஒருவன் அதை விரட்டிக்கொண்டு தடுப்புக்குக் கீழே நுழைந்துவிட்டான். பாசி பிடித்த பாறை. ஒரு பாட்டிதான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இறங்கி வரும்வரை எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. தவறு முழுக்க எங்களுடையது.

அன்றிலிருந்து எங்கள் முறை இது. ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள், பெயர் எழுதியே பிரிப்போம். சாலையிலிருந்து பாறைக்கு நடக்கும் காட்டுப் பாதையில் திண்பண்டம் வெளியே எடுப்பதில்லை, சாப்பாடு வண்டியிலேயே இருக்கும். பாறைக்கு ஒரே நேரத்தில் எல்லோரும் போகாமல் பாதிப் பாதியாகப் போவோம். தடுப்பைத் தாண்டி போட்டோ எடுக்கச் சொல்கிறவர் நம் வீட்டு ஆம்பிளையாக இருந்தாலும், "வேண்டாமுங்க" என்று சத்தமாகவே சொல்வோம். வழுக்கும் புதுச்செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது போடுங்கள். மூடுபனி வந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும், நகரக்கூடாது.

பிள்ளைகள் அங்கே நின்று கேள்வி கேட்பார்கள். பதிலைத் தெரிந்துகொண்டு போனால் நமக்கே பெருமையாக இருக்கும்.

இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். சென்னை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பது இதே வகைக் கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை இந்த வகைக் கல்லில் செய்யப்பட்டது, அவர் பெயரே கல்லுக்கும் வந்துவிட்டது. நீலகிரிப் பாறையின் வயது சுமார் 250 கோடி வருஷம். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. அப்புறம் எப்படி மேலே வந்தது? மலைக்குத் தெற்கே பவானி ஆறு, வடக்கே மோயாறு. அந்த இரண்டு பள்ளத்தாக்குகளும் பூமியின் மிகப் பழைய பிளவுப் பட்டைகள். அவற்றுக்கு நடுவே இருந்த பாளம் உயர்ந்துதான் நீலகிரியாக நிற்கிறது. அதனால்தான் மெல்ல மெல்லச் சரியாமல் சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கிறது. பிறகு மழைத்தண்ணீரும் மரவேரும் வெடிப்புக்குள் புகுந்து பாறையை உடைத்து முனை முனையாக ஆக்கின.

டால்பின் நோஸ் திறந்திருக்கிறதா என்று குன்னூரில் கேட்டுவிட்டு ஏறுங்கள். அங்கே எதிர்மலையில் வெள்ளைக் கோடு மாதிரி கேத்தரின் அருவி தெரியும். அந்தத் தண்ணீர்தான் கல்லாறாக இறங்கிப் பவானியில் கலக்கிறது. "இது நம்ம ஆத்துத் தண்ணி கண்ணு" என்று காட்டுங்கள்.

வெயில் நேரத்தில் நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால், 1874ல் உண்டான சிம்ஸ் பூங்காவில் உட்கார்ந்துகொள்ளட்டும். மாலை 3.30க்கு இறங்கத் தொடங்கினால் இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம்.

முன்னே சொன்ன அக்கா குழுவில் உண்டியல் தொடங்கிவிட்டது. தீர்மானப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள்: தை மாதம், மூன்றாவது சனிக்கிழமை, காலை 6 மணி, காரமடை பஸ் ஸ்டாப். எந்தப் பிள்ளை யார் கையில் என்ற பட்டியலும் தயார். அக்கா பெண்ணுக்கு இப்போது வேறு கவலை. "மேல இருந்து பாத்தா நம்ம கோயில் கோபுரம் தெரியுமா?" என்று எங்களைக் கேட்டாள். தெரிந்தால் எங்களுக்கும் சொல்லு என்று சொல்லியிருக்கிறோம்.