இனி வருபவர்களின் பங்கு

இராக்கின் ஸவாத் நிலப்பரப்பு முஸ்லிம்கள் வசமானபோது, போரில் கலந்துகொண்டவர்களுக்கே அதைப் பங்கிட்டுத் தரவேண்டும் என்று ஹள்ரத் பிலால் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) போன்ற மூத்த ஸஹாபாக்களே வாதிட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். நிலம் இன்றே பங்காகிவிட்டால் எல்லைக் காவலர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வரும்? விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் என்ன மிஞ்சும்? நமக்குப் பின் வருபவர்களுக்கு? நாள் கணக்கில் மஷூரா நடந்தது. அன்ஸாரிகளில் பத்துப் பேரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். பின்னால் வருபவர்களைக் குறிப்பிடும் ஸூரத்துல் ஹஷ்ரின் 10ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். நிலம் உழுதவர்கள் கையிலேயே இருந்தது. அதன் கராஜ் வரி பொது நிதிக்கு வந்தது.

அடுத்து நடந்ததுதான் நம் பாடம். உத்தேசமாக வரி போடவில்லை. உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) அனுப்பப்பட்டு நிலம் அளக்கப்பட்டது. இமாம் அபூ யூஸுஃப் தமது கிதாபுல் கராஜில் 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்ற அளவைப் பதிந்திருக்கிறார்கள். ஷஹீதாவதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, தாங்கமுடியாத சுமையை நிலத்தின்மீது ஏற்றிவிட்டீர்களா என்று உஸ்மானிடமும் ஹுதைஃபாவிடமும் (ரலி) உமர் (ரலி) விசாரித்தார்கள். தேவை, வருமானம், தாங்கும் சக்தி மூன்றையும் பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊராட்சிக்கு வருவோம். குழாய் வழி குடிநீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்ட அளவு. 6,000 பேர் உள்ள ஊருக்கு 3,30,000 லிட்டர். 30 ஆண்டில் 9,000 பேர் ஆனால் 4,95,000. இன்றைய தேவைக்கு மட்டும் தொட்டி கட்டினால் நம் பிள்ளைகள் காலத்தில் குடம் வரிசைதான். குழாயை 30 ஆண்டுக்குத் திட்டமிடுவார்கள். மோட்டாருக்கு 15 ஆண்டுதான் கணக்கு. ஆக, அதே காலத்துக்குள் மோட்டாரை ஒருமுறை மாற்றியாக வேண்டும். அந்தப் பணத்தையும், மின் கட்டணத்தையும், தண்ணீர் திறந்துவிடுபவரின் சம்பளத்தையும் முதல் நாளே எழுதவேண்டும். கட்டுவதற்கு நிதி கேட்கிறோம். ஓட்டுவதற்குக் கேட்க மறந்துவிடுகிறோம். ஊருக்கு ஊர் காய்ந்து நிற்கும் தொட்டிகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

9,000 என்பது எப்படித் தெரியும்? 2011 மக்கள்தொகைக் கணக்கு மட்டும் போதாது. ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டைப் புரட்டினால் ஆண்டுக்கு எத்தனை புதுக் குடும்பங்கள் என்று தெரிந்துவிடும். (வெளியூருக்கு மணமுடித்துப் போனவர்களைக் கழிக்கவேண்டும்.) வளைகுடாவில் இருப்பவர்கள் பெருநாளுக்கு வரும்போது ஊரின் தண்ணீர்ச் செலவு எவ்வளவு கூடுகிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும், அவர்களைக் கேளுங்கள். மற்ற சமுதாயத்தாரின் தெருக்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். தொட்டி எல்லோருக்கும் ஒன்றுதான்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.