நின்ற பிறகு வரும் இரத்தம்: சோதனையும் காத்திருப்பும்



லயத்தில் இரண்டு பெண்கள் தனியாக இருக்கும்போதுகூட குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிற ஒரு விஷயத்தை இம்முறை பாடமாக எடுத்திருக்கிறோம். அது கருப்பைப் புற்றுநோய்.

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டுப் போன நம் குடும்பங்களில் ஒரு பகுதி திருகோணமலை மாவட்டத்தில் குடியேறியது. துறைமுகத்தைச் சுற்றி ஆலை வேலை, மீன் வேலை, வீட்டு வேலை என்று அவர்கள் பிழைப்பு நடக்கிறது. அன்று சின்னப் பிள்ளைகளாகவும் குமரிகளாகவும் போனவர்கள் இன்று 50, 60 வயதுக்காரர்கள். இந்த நோய் கூடுதலாக வருவதும் அந்த வயதில்தான். ஆகவே அங்குள்ள சகோதரிகளை மனதில் வைத்து எழுதுகிறோம். மலையில் இருப்பவர்களுக்கும் பாடம் இதேதான்.

முதலில் தெரிய வேண்டியது

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு இரத்தம் பட்டால், அது மாதவிடாய் திரும்பி வந்தது அல்ல. ஒரு துளியானாலும், ஒரே ஒரு தடவையானாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும். "சூடு கூடிப்போச்சு", "பாரம் தூக்கினதால வந்தது" என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

இதைப் படித்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018 இல் ஒரு கணக்கு வெளியானது. மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்ட 100 பெண்களில் சுமார் 9 பேருக்குத்தான் கருப்பைப் புற்றுநோய் இருந்தது. மற்றவர்களுக்கு உள்தோல் மெலிவு, சதை வளர்ச்சி போன்ற வேறு காரணங்கள். ஆனால் அதே கணக்கை மறுபக்கம் பாருங்கள். மாதவிடாய் நின்ற வயதில் இந்த நோய் வந்த 100 பேரில் சுமார் 91 பேருக்கு இரத்தப்போக்கு இருந்தது. இந்த நோய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. கேட்க வேண்டியது நாம்தான்.

மற்ற அறிகுறிகள்

* இளஞ்சிவப்பாக, மண்ணிறமாக அல்லது தண்ணீர் போலக் கழிவு வருதல்
* மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இடையிடையே இரத்தம் படுதல், அல்லது வழக்கத்தை விட அதிகமாக, நீண்ட நாள் போதல்
* அடிவயிற்று நோவு (இது பெரும்பாலும் பிந்தித்தான் வரும்; நோவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்)

உடல் பருமன் கூடியவர்கள், சீனி வியாதி உள்ளவர்கள், பிள்ளை பெறாதவர்கள், மாதவிடாய் பிந்தி நின்றவர்கள், மார்புப் புற்றுநோய்க்கு தமொக்சிஃபென் குளிசை எடுப்பவர்கள், குடும்பத்தில் கருப்பை அல்லது குடல் புற்றுநோய் கண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

"எனக்குப் பாப் சோதனை சரியாத்தானே இருந்திச்சு?"

பல பேர் ஏமாறும் இடம் இது. நம் நாட்டில் 1996 இல் வெல் வுமன் கிளினிக் திட்டம் தொடங்கியது. அங்கே 35 வயதில் செய்யும் பாப் சோதனை கருப்பையின் கழுத்தைப் பார்ப்பதற்கு. 2017 முதல் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்குப் போடும் எச்.பி.வி. தடுப்பூசியும் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கே. இரண்டும் மிக அவசியம், தவறவிடாதீர்கள். ஆனால் நாம் இன்று பேசுவது கருப்பையின் உள்ளே வரும் நோய். பாப் சோதனை சரி என்று வந்திருந்தாலும், இரத்தம் பட்டால் மறுபடி போக வேண்டும்.

எங்கே போவது, என்ன செய்வார்கள்?

தோட்டத்தில் என்றால் மருந்துக்காம்பராவிலோ மிட்வைஃப் அம்மாவிடமோ சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கலாம். திருகோணமலையில் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆஸ்பத்திரிகளில் காட்டலாம். நகரத்துப் பெரியாஸ்பத்திரியின் பெண் நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிண்ணியாவில் முன்பு 'பாதை' என்று சொல்லும் தெப்பத்தில் ஏறித்தான் கடக்க வேண்டும். 2009 இல் பாலம் திறந்த பிறகு அந்தத் தடை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசும் இல்லை. மிச்சமிருக்கும் தடை ஒரு நாள் பேர் போய்விடுமே என்பதும், வெட்கமும்தான்.

டொக்டர் கேள்வி கேட்டு, பரிசோதித்து, ஸ்கேன் எடுப்பார். கருப்பையின் உள்தோல் எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு 4 மில்லிமீற்றர் அல்லது குறைவு என்றால் பொதுவாக நிம்மதி; ஆனாலும் மறுபடி இரத்தம் வந்தால் மறுபடி போக வேண்டும். தடிப்பாக இருந்தால் மெல்லிய குழாயால் அல்லது மயக்கம் கொடுத்துச் சுரண்டி சிறிது தசை எடுப்பார்கள். இதைத்தான் பயொப்சி என்கிறோம்.

முடிவு வரும் வரை

எல்லாவற்றிலும் கஷ்டம் இந்த நாட்கள்தான். "ஏன் இவ்வளவு நாள்? ஏதோ மறைக்கிறாங்க" என்று மனம் அடித்துக்கொள்ளும். உண்மையில் நடப்பது இது. எடுத்த தசையை ஃபோர்மலினில் ஊறவைக்கிறார்கள். பிறகு நீரை அகற்றி மெழுகில் பதிக்கிறார்கள். தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தட்டில் வைத்து, நோயியல் டொக்டர் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். இதற்கே சில நாள் வேண்டும். முன்னால் வந்தவர்களின் தட்டுகளும் வரிசையில் இருக்கும். அதனால் வாரக்கணக்கிலும் ஆகலாம். சந்தேகம் இருந்தால் வேறு சாயம் போட்டும் பார்ப்பார்கள். ஆகவே தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை.

அதேபோல், செய்தி வராவிட்டால் நல்ல செய்தி என்றும் அர்த்தமில்லை. இரத்தம் நின்றுவிட்டது, இனி எதற்கு பஸ் காசு என்று முடிவை எடுக்காமல் விட்டவர்கள் உண்டு. நோய் இருந்தும் இரத்தம் சில காலம் நின்றிருக்கலாம். எனவே:

* தசை எடுத்த அன்றே மிஸ்ஸியிடம் கேளுங்கள்: முடிவு எப்போது வரும், எந்த இடத்தில் எடுப்பது, என்ன இலக்கம்? கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.
* எடுக்கும் தொலைபேசி இலக்கம் ஒன்றைக் கொடுங்கள். மகனுடையது, பக்கத்து வீட்டு அக்காவுடையது என்றாலும் சரி.
* சொன்ன நாள் கடந்தால் நேரில் போய்க் கேளுங்கள். அது தொந்தரவு அல்ல, உங்கள் உரிமை.
* சீனி, பிரஷர் மருந்துகளை நிறுத்த வேண்டாம். இரத்தத்தை நிறுத்துகிறோம் என்று கடைக் குளிசையோ நாட்டு மருந்தோ டொக்டருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம்.
* மணிக்கு ஒரு துணி நனையும் அளவு இரத்தம் போனால், தலை சுற்றி விழுந்தால், காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.
* தனியாக மனதில் வைத்துப் புழுங்க வேண்டாம். ஒருவரிடமாவது சொல்லுங்கள். முடிவு எடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் ஒருவர் கேட்காததை மற்றவர் கேட்பார்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நாட்களில் அவர் வழக்கத்தை விடக் கோபப்படலாம், சாப்பிடாமல் இருக்கலாம். "ஒன்னும் இருக்காது" என்று வாயை மூடுவதை விட, "நானும் வாறேன்" என்று கூடப் போவது பெரிய உதவி.

முடிவு வந்த பிறகு

பெரும்பாலும் புற்றுநோய் இல்லை என்றே வரும். சிலருக்கு உள்தோல் மிதமிஞ்சி வளர்ந்திருக்கும். அதற்கு மருந்தோ ஒப்பரேஷனோ, தொடர்ந்து கிளினிக்கோ தேவை. புற்றுநோய்தான் என்றால், வழக்கமாகக் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவார்கள். நோய் கருப்பையைத் தாண்டாமல் இருந்தால் பலருக்கு அதுவே போதும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் மட்டக்களப்புக்கோ மகரகம அபேக்‌ஷா ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளின் கணக்குப்படி, நோய் கருப்பைக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தவர்களில் 10 பேருக்கு 9 பேருக்கு மேல் 5 வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள். பரவிய பிறகு போனால் அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடுகிறது. ஒரு நாள் பேருக்கும் இந்த வித்தியாசத்துக்கும் உள்ள விலையை நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேச

1. மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி இரத்தம் பட்டால் ஏன் காட்ட வேண்டும்?
2. பாப் சோதனை சரியாக இருந்தால் போதுமா?
3. முடிவு சொன்ன நாளில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?
4. வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு இதை யார் சொல்வது? இந்த வாரமே ஒருவருக்குச் சொல்லுங்கள்.