தேனீ வளர்ப்பும் நஞ்சில்லாச் சாகுபடியும்

தேனீயைத் தேன் தரும் ஜந்துவாக மட்டும் எண்ணுவோர் பலர். அது தரும் தேனைக் காட்டிலும் பயிருக்குச் செய்யும் ஊழியமே பெரிது. பூசணி, சுரை, பீர்க்கு முதலிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவிற் சேர்ப்பார் இல்லையெனில் பிஞ்சு வெம்பி உதிரும். சூரியகாந்தி, கொத்தமல்லி, விதைக்கு விடும் வெங்காயம் ஆகியவற்றிலும் ஈக்களின் வரவால் மணி பிடிப்பது மிகுகின்றது. ஆகவே தேனீயைக் காப்பது விளைவைக் காப்பதேயாகும்.

1. இத்தொழில் வந்த வரலாறு

முற்காலத்தில் பொந்துகளில் வாழும் தேனீயைப் புகையிட்டு விரட்டி, அடையைப் பிழிந்து தேன் எடுப்பது வழக்கம். அதனால் கூட்டம் அழிந்தது. தேனிற் புழுவும் மகரந்தமும் கலந்தன. பாதிரியார் நியூட்டன் என்பவர் நம் நாட்டுத் தேனீயின் அளவிற்கேற்ற சட்டப் பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவிற் பலருக்கு இத்தொழிலைப் பழக்கினார். 1920களில் ஸ்பென்ஸர் ஹாச் நடத்திய மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம புனருத்தாரண நிலையம் அதனைக் குடியானவர் வீடுதோறும் பரப்பிற்று. அப்பொழுது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1956 முதல் கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கு ரப்பர் மரத்தின் தளிர்க் காம்பில் ஊறும் இனிப்பு நீரே தேனுக்குப் பெரும் ஆதாரம். 1991-92 ஆம் ஆண்டுகளில், புழுக்களை நீர்ப்பை போலாக்கிக் கொல்லும் ஒரு வைரஸ் நோயால் தென்னிந்தியாவின் கூட்டங்களிற் பெரும்பாலானவை மடிந்தன. எஞ்சிய வலிய கூட்டங்களிலிருந்தே தொழில் மீண்டும் எழுந்தது.

2. விஷத்தால் விளையும் கேடு

நோயினின்று தப்பிய ஈக்குப் பூச்சிமருந்து மற்றொரு பகையாயிருக்கிறது. பூத்த பயிரிற் காலையில் மருந்து தெளித்தால், அப்பொழுது மேயும் ஈக்கள் வயலிலேயே மடியும். சில தள்ளாடி வந்து பெட்டி வாயிலிற் செத்துக் குவியும். உடனே கொல்லாத மருந்து, மகரந்தத்தோடு பெட்டிக்குட் சென்று புழுக்களைக் கெடுக்கும். விதையிற் பூசப்படும் இமிடாகுளோபிரிட் போன்றவை செடி முழுவதும் பரவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் தோன்றும்; ஈக்கள் வழி மறந்து கூடு திரும்பாமற் போவதற்கும் இவை காரணமாகின்றன. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்த வெளியில் உபயோகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஆம் ஆண்டில் தடுத்துவிட்டது. களைக்கொல்லியோ ஈயை நேரே கொல்லாவிடினும், வரப்பிலுள்ள தும்பை போன்ற பூச்செடிகளை ஒழித்து அதனைப் பட்டினி போடுகின்றது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். நாட்டுத் தேனீ இரை தேடி ஏறத்தாழ ஒரு கிலோ மீட்டர் தூரம் செல்லும். அவ்வளவு தூரத்தைச் சுற்றி ஒரு வட்டமிட்டால், அதன் பரப்பு சுமார் 775 ஏக்கர் ஆகும். அவ்வளவு நிலம் ஒருவர் கையில் இருப்பது அரிது. தன் இரண்டு ஏக்கரில் விஷமே தொடாதவனுடைய பெட்டியும், பக்கத்து நிலத்துத் தெளிப்பால் ஒரே நாளில் அழியக்கூடும். தேனீ வரப்பை அறியாது. ஆகையால் இது தனி மனிதனால் ஆகும் காரியமன்று. ஊர் முழுவதும் ஒன்றுபட்டாலன்றிக் கைகூடாது.

3. நஞ்சின்றிப் பயிரைக் காத்தல்

ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்காமல் மாற்றிப் பயிரிடுதல், ஓரங்களில் ஆமணக்கைப் பொறிப்பயிராக விதைத்தல், தொழுவுரமும் தழையுரமும் இடுதல் ஆகியவற்றால் பூச்சியின் கொடுமை குறையும். மிஞ்சினால், 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம். இதனையும் ஈக்கள் கூடு திரும்பிய பின் மாலையிலேயே தெளிக்க வேண்டும். வேலியிற் புங்கு, வேம்பு, முருங்கை, நாவல் ஆகியவற்றை வைத்தால், பயிர் பூவாத காலத்திலும் ஈக்கு இரை கிடைக்கும்.

4. பச்சைத் தேன் எடுக்கும் முறை

ஈக்கள் கொணரும் பூநீர் மிகத் தெளிவானது. அவை சிறகால் விசிறி நீரை வற்றச் செய்து, பக்குவமானபின் அறையை மெழுகால் மூடும். ஒரு சட்டத்தில் முக்கால் பங்கேனும் மூடப்பட்ட பின்னரே தேன் எடுத்தல் வேண்டும். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீர் இருக்கும் தேன் எளிதிற் புளித்துவிடும். புழு அறையைத் தொடாமல் மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்துச் சுழற்றும் கருவியிலிட்டால், அடை உடையாமல் தேன் வெளிவரும். வெற்றடையை ஈக்களுக்கே திருப்பித் தரலாம். தேன் அனைத்தையும் எடுத்துவிடாமல், இல்லாமைக் காலத்திற்கென ஒரு பங்கை விடுவது தருமமும் லாபமுமாகும்.

தேனைத் துணியில் வடிகட்டி, ஈரமற்ற கண்ணாடி அல்லது எவர்சில்வர்ப் பாத்திரத்தில் அடைத்து வைக்கவும். காய்ச்சினால் மணமும் குணமும் குன்றும். தேன் உறைவது கலப்படத்திற்கு அடையாளமன்று. பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். பஞ்ச காலத்தில் ஈக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைப்பதுண்டு. மேலறையிற் தேன் சேரும் காலத்தில் அதனை வைத்தால், பாகே தேனாக வந்து சேரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எத்தகைய தேனும் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய நுண்கிருமி வித்துக்களால் உயிருக்கே அபாயம் நேரலாம்.

5. சங்கம் செய்யத்தக்கவை

பூக்கும் காலத்தில் மருந்து தெளிப்பதில்லையென்று பொதுச் சபையில் தீர்மானம் செய்யலாம். தவிர்க்க இயலாதபோது, தெளிப்பவர் முதல் நாளே சங்கத்திற்கு அறிவித்தால், அயலார் பெட்டிகளை அகற்றிக்கொள்ளக் கூடும். சுழற்றும் கருவியும், தேனின் நீரளவைக் காட்டும் மானியும் ஒருவரால் வாங்குவது கடினம். சங்கத்தின் பொதுச் சொத்தாய் வாங்குவது எளிது. ஒவ்வொரு அங்கத்தினரின் தேனுக்கும் தனி எண்ணிட்டு, சோதித்த பின்னரே பொதுப் பீப்பாயிற் சேர்க்க வேண்டும். ஒருவர் பாகு கலந்தாலும் கெடுவது அனைவருடைய பெயருமேயன்றோ?

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

(1) நம் கிராமத்தில் எந்த மாதத்தில் எவ்வெவை பூக்கின்றன? பூவே இல்லாத மாதம் எது?
(2) சென்ற பருவத்திற் பூத்த பயிருக்கு யார், எந்த மருந்தை, எந்நேரத்தில் தெளித்தனர்?
(3) முதலில் எத்தனை பெட்டிகள் வைக்கலாம்? அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பேற்பவர் யார்?
(4) தெளிப்பினால் அயலார் பெட்டி அழிந்தால், நஷ்டத்தைச் சங்கம் எவ்வாறு தீர்த்து வைக்கும்?