சின்னக்குட்டிக்கு, பாஞ்சோ குறித்து

நாக்ஸ்வில்,
ஞாயிற்றுக்கிழமை

என் அருமைச் சின்னக்குட்டிக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம். 

நீ அனுப்பிய வீடியோவை நேற்றிரவு பார்த்தேன். பெரியம்மா தூங்கிய பிறகு மறுபடியும் பார்த்தேன். வயது வந்தபின் புதிதாக ஒரு வாத்தியத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும் துணிவு நம் குடும்பத்தில் எனக்குப் பிறகு உனக்குத்தான் வந்திருக்கிறது. அதுவும் நீ படிக்கப் போயிருக்கும் பூன் ஊரைவிடப் பாஞ்சோ பயில உசிதமான மலைப்பிரதேசம் வேறு கிடைப்பது அரிது. ஆகையால் இதைக் கண்டனமாக எடுத்துக்கொள்ளாதே. மணிக்கட்டில் வலி என்று உன் அம்மா போனில் சொல்லாதிருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன்.

முதலில் அந்த வலி. மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் குதிரைக்குப் பக்கத்தில் தோலின்மேல் ஊன்றிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். நீ முழு பலத்தையும் அங்கேதான் செலவழிக்கிறாய் என்பது வெளுத்துப்போன உன் சுண்டுவிரல் நகத்திலிருந்தே தெரிகிறது. தொட்டுக்கொண்டிருந்தால் போதும். நடுவிரல் அசையும்போது மோதிரவிரலும் கூடவே எழும்புமானால் அதை வற்புறுத்தாதே. சுண்டுவிரலை மட்டும் வைத்துக்கொண்டு நேர்த்தியாக வாசிப்பவர்கள் உண்டு. வலி அப்படியும் நிற்காவிட்டால் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு டாக்டரிடம் போ. இதில் வாதம் வேண்டாம்.

இனி ரோல். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்னும் மூன்றைக்கொண்டு எட்டு மீட்டுக்களைச் சந்து விடாமல் நிரப்ப வேண்டும், ஒரே விரல் அடுத்தடுத்து இருமுறை வரலாகாது என்பதற்குமேல் அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நீ வாசித்த முன்னோக்கு ரோலில் கட்டை, ஆள்காட்டி, நடு என்று ஒரு மூன்று, மறுபடி அதே மூன்று, மிச்சம் இரண்டு. தகிட தகிட தக என்று பாட்டி உன் உள்ளங்கையில் தட்டுவாளே, அதே கணக்கு. உன் வாசிப்பில் இரண்டு தகிடவும் சுத்தமாக விழுகின்றன. கடைசித் தக வந்ததும் உனக்குப் பொறுக்கவில்லை, அந்த இரண்டையும் அரைகுறையாக விழுங்கிவிட்டு அடுத்த சுற்றுக்குத் தாவிவிடுகிறாய். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழைதான். ஆனால் பாட்டு முடிகையில் நீ தொடங்கிய காலப்பிரமாணம் எங்கேயோ இருக்கிறது, நீ எங்கேயோ இருக்கிறாய்.

கட்டைவிரல் விட்டுவிட்டு வரும் ரோலை நீ முதலில் எடுத்திருந்தால் இந்தச் சங்கடம் குறைந்திருக்கும். மூன்றாம் தந்தி, இரண்டு, ஐந்து, ஒன்று. பிறகு நான்கு, இரண்டு, ஐந்து, ஒன்று. ஒற்றைப்படை இடங்கள் அனைத்தும் கட்டைவிரலுக்கே உரியவையாதலால் காலம் அந்த விரலில் தானாக உட்கார்ந்துவிடும். ஐந்தாவது மெட்டருகே பக்கவாட்டில் பிரடை வைத்த அந்தக் குட்டைத் தந்தியையும் அப்போது கவனித்துக் கேள். மற்றத் தந்திகள் எங்கே அலைந்தாலும் அது பெரும்பாலும் தன் மேல் ஸ்தாயி ஜி ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும். நம் வீணையின் தாளத் தந்திகளோடு வளர்ந்த உன் காதுக்கு அதன் உத்தியோகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றுவிரல் வழியைப் பிரசித்தமாக்கிய ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1924ல் உன்னுடைய அதே வட கரோலினாவில், பிளின்ட் ஹில்லில் பிறந்தவர். ஸ்னஃபி ஜென்கின்ஸ் முதலானோர் அந்தப் பக்கத்தில் அவருக்கு முன்பே மூன்று விரலால் வாசித்ததுண்டு. என்றாலும் 1945 டிசம்பரில் பில் மன்றோவின் கோஷ்டியில் அவர் சேர்ந்த பிறகே தேசம் திரும்பிப் பார்த்தது. சிறுவனாக இருந்தபோது அவரும் தமையன் ஹோரேஸும் ஒரே பாட்டைச் சேர்ந்து தொடங்கி, ஆளுக்கொரு திசையாக வீட்டைச் சுற்றி நடந்து, எதிர்ப்படும்போது இருவர் காலமும் பிசகாமல் இருக்கிறதா என்று சோதிப்பார்களாம். 1949ல் அவர் பதிவுசெய்த ஃபாகி மவுண்டன் பிரேக்டவுனைக் கேட்டு எல்லோரும் அதன் துரிதத்தை வியக்கிறார்கள். எனக்கு அதில் அந்த நடைதான் கேட்கிறது.

துரிதம் என்றதும் நினைவுக்கு வரும் அந்த நவராத்திரி விவகாரத்தை நான் மறுபடி எடுக்கப்போவதில்லை. ஆனால் உன் அப்பன் உன்னிடம் அதை எப்படிச் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீணை வாத்தியார் அவனைச் சரளி வரிசையில் முதற்காலத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது கொடுமையுமல்ல, பொறாமையுமல்ல; அவன் விரல் என்னுடையதைவிட நூறு மடங்கு வாகானது என்று என்னிடமே சொன்ன மனிதர் அவர். கொலுவுக்கு வந்தவர்கள் கேட்டார்கள் என்று, பாதி பாடமான வர்ணத்தை அவன் தலைதெறிக்க ஓட்டியதும், கூடம் முழுவதும் கைதட்டியதும், மாமா வெள்ளிக்கிண்ணத்தை எடுத்து நீட்டியதும், மறுநாள் முதல் 'இனி வரிசை எதற்கு?' என்று அவன் கேட்டபோது வீட்டில் ஒருவர்கூட அதட்டாததும்தான் அந்தச் சாதகத்துக்கு முடிவு கட்டின. வீணையை விற்றுவிட்டார்கள், கிண்ணம் உங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லையென்று பெரியம்மா கேலி செய்கிறாள். செய்யட்டும்.

அடுத்த மாதம் சிநேகிதர்கள் கூடும் ஜாமில் ஃபாகி மவுண்டன் பிரேக்டவுனை வாசிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வாசிப்பதும் வாசிக்காததும் உன் இஷ்டம்; நான் யார் தடுக்க? ஒரு பக்கம் அந்த ஓட்டமும் கைதட்டலும் இருக்கின்றன; மறுபக்கம் மெட்ரோனோமை 60ல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டே மீட்டாக, மேலே சொன்ன கட்டைவிரல் ரோலைத் தீபாவளி வரையில் சிரத்தையாக அப்பியாசம் செய்து, அன்று ஜாமில் பின்னால் ஒரு நாற்காலியில் அமர்ந்து பிறர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வருவது இருக்கிறது. இரண்டையும் நிதானமாக யோசித்து, உனக்கே சரியென்று பட்டதைச் செய். பின்னால் நாற்காலி போடுவார்களா என்று மட்டும் விசாரித்துவைத்துக்கொள்.

அடடா, பெரியப்பா பிரசங்கம் செய்துவிட்டேனே என்று நினைக்காதே. அந்த வீடியோவில் முதல் நான்கு சுற்றுக்கள் எவ்வளவு அழகாக இருந்தன தெரியுமா! என் கையிலிருந்து அப்படி ஒரு நாதம் வர வெகுகாலம் ஆயிற்று. விடுமுறைக்கு நாங்களே காரில் வருகிறோம். ஷெல்பியில் பழைய கோர்ட்டுக் கட்டடத்தில் ஸ்க்ரக்ஸ் பெயரால் ஒரு காட்சிசாலை வைத்திருக்கிறார்கள், உன்னை அழைத்துப் போகிறேன். புதுத் தந்தி இரண்டு செட் வாங்கி வைத்திருக்கிறேன். பெரியம்மா பருப்புப்பொடியும் தேன்குழலும் கொண்டு வருவாள். நீ எந்த வேகத்தில் வாசித்தாலும் வாய் திறவாமல் கேட்பேன், சத்தியம். பணம் வேண்டுமானால் கூச்சப்படாமல் கேள்.

இந்தக் கடிதத்தை உன் அப்பனிடம் காட்டாதே.

அநேக ஆசிகளுடன்,
பெரியப்பா