லக்ஸ் பூட்டு உடையாம உபுண்டுவைப் புதுசாப் போட அக்கா டிப்ஸ்

உபுண்டுவை அழிச்சுட்டுப் புதுசாப் போடப் போறியா தம்பி? ஹோம் பார்ட்டிஷனை லக்ஸ்ல பூட்டியிருக்கே. பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தாப் போதும்னு நினைக்காதே. டேட்டாவைத் திறக்கிற நிஜச் சாவி பார்ட்டிஷனோட ஆரம்பத்துல, ஹெடர்ல இருக்கு. உன் பாஸ்வேர்டு அந்தச் சாவியை எடுக்க மட்டும்தான். ஹெடர் அழிஞ்சா, பாஸ்வேர்டு சரியா இருந்தும் ஒரு போட்டோகூடத் தேறாது.

1. டேட்டாவை வெளி டிஸ்க்ல காப்பி எடு. நாலஞ்சு ஃபைலைத் திறந்தும் பாரு.

2. கிரிப்ட்செட்அப்ல 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' கட்டளையை ஓட்டு. லக்ஸ் 2-ன்னா வழக்கமா 16 எம்பி அளவுல ஒரு ஃபைல் வரும். அதைப் பென் டிரைவ்ல பத்திரப்படுத்து. நாளைக்கு நீ பாஸ்வேர்டை மாத்தினாலும் இந்த ஃபைலுக்குப் பழைய பாஸ்வேர்டே செல்லும். அதனால கண்ட இடத்துல போட்டு வைக்காதே.

3. 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடிச்சா எந்தப் பார்ட்டிஷன் லக்ஸ்னு தெரியும். அதோட அளவையும் யூயூஐடியையும் எழுதி வெச்சுக்கோ. எஸ்டிஏ, எஸ்டிபி பேரை மட்டும் நம்பாதே. பென் டிரைவ்ல பூட் பண்ணும்போது அது இடம் மாறலாம்.

4. இன்ஸ்டாலர்ல 'முழு டிஸ்கையும் அழி' பக்கமே போகாதே. மேனுவல் பார்ட்டிஷனிங் எடு. ரூட்டுக்கு மட்டும் ஃபார்மட் டிக் போடு. பூட் தனியா இருந்தா அதுக்கும் போடு. இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்து, ஆனா ஃபார்மட் பண்ணாதே. ஹோமைத் தொடவே தொடாதே, இன்ஸ்டால் முடிஞ்சப்புறம் சேர்த்துக்கலாம். ரூட்டும் ஹோமும் ஒரே லக்ஸுக்குள்ள எல்விஎம்ல இருந்தா இந்த வழி ஒத்து வராது. லைவ் செஷன்ல பூட்டைத் திறந்துட்டுத்தான் இன்ஸ்டாலரை ஓட்டணும்.

5. கடைசியா எதெல்லாம் ஃபார்மட் ஆகப் போகுதுன்னு ஒரு பட்டியல் காட்டும். அவசரப்படாம வரி வரியாப் படி. நீ எழுதி வெச்ச லக்ஸ் பார்ட்டிஷன் அதுல இருந்தா உடனே பின்னாடி போ.

6. புதுசுலயும் முதல் யூசருக்குப் பழைய பேரையே வை. உபுண்டுல முதல் யூசரோட நம்பர் 1000. அது ஒத்துப்போனாத்தான் பழைய ஃபைலெல்லாம் உன் பேர்லயே இருக்கும்.

7. கிரிப்ட்டேப்ல லக்ஸ் யூயூஐடியையும், எஃப்எஸ்டேப்ல திறந்தப்புறம் வர்ற மேப்பர் பேரையும் எழுது. ரீபூட் பண்ணு. பாஸ்வேர்டு கேட்டு ஹோம் திறந்தா வேலை முடிஞ்சுது. ரெண்டு வாரம் ஒழுங்கா ஓடினப்புறம் வெளி டிஸ்கைக் காலி பண்ணு. ஹெடர் ஃபைலை மட்டும் அழிச்சுடாதே.